வாயும் நான்கு பேய்களும்: பாக்மேன் ஏன் பழையதாவதில்லை

(சற்று நீண்ட பதிவு. மொழியியல், பண்பாட்டு ஆய்வு மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1980 மே 22 அன்று தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் நாம்கோ நிறுவனம் புதியதொரு காசு விளையாட்டு இயந்திரத்தை மக்கள் முன் சோதனைக்கு வைத்தது. திரையில் ஒரே ஒரு புதிர்ப்பாதை. அதில் 240 சிறு புள்ளிகள், 4 பெரும்புள்ளிகள், துரத்தும் 4 பேய்கள், உண்ணும் ஒரு வாய். பாக்மேன் என்று உலகம் பின்னர் அறிந்த விளையாட்டு இவ்வளவே. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கென 14 வீடியோ விளையாட்டுகளைத் தெரிவுசெய்தபோது அவற்றுள் இதுவும் இடம்பெற்றது. அருங்காட்சியகத்தை அடைந்த பொருள் பெரும்பாலும் புழக்கத்திலிருந்து விலகிவிட்டதாகவே இருக்கும். பாக்மேன் விலகவில்லை. கைப்பேசியிலும் உலாவியிலும் மலிவு விலைப் பொம்மைப் பெட்டிகளிலும் இன்றும் ஆடப்படுகிறது. 45 ஆண்டுகள் கடந்தும் இது எவ்வாறு நிகழ்கிறது?

வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கடந்தகால ஏக்கம். ஆனால் என் தலைமுறை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்ட விளையாட்டு இது. இன்று நான் வகுப்பறையில் சந்திக்கும் இளங்கலை மாணவர்கள் 2005ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள். காசு போட்டு ஆடும் கூடமொன்றை அவர்களில் எவரும் கண்டதில்லை. காணாத ஒன்றின்மீது ஏக்கம் எழுவதில்லை. இரண்டாவது விடை, எளிமை. எளிய விளையாட்டுகள் அந்தப் பத்தாண்டில் எண்ணற்றவை வெளிவந்தன. பெரும்பாலானவை பெயரும் எஞ்சாமல் மறைந்தன. மூன்றாவது, வணிகம். இதில் உண்மை உண்டு. 1982இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாக்மேன் கேலிச்சித்திரத் தொடராக வந்தது. உரிமையாளர்கள் இன்றுவரை அதைச் சந்தைப்படுத்தி வருகின்றனர். ஆயின் விளம்பரம் ஒருவரை முதல் ஆட்டத்திற்கு அழைத்துவரும். நூறாவது ஆட்டத்திற்கு அழைத்துவரும் ஆற்றல் அதற்கில்லை.

என் துணிபு வேறு. பாக்மேனை ஆடவும் புரிந்துகொள்ளவும் தேவையான அனைத்தும் பாக்மேனுக்குள்ளேயே இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு மொழி வேண்டாம், விளக்கவுரை வேண்டாம், இணைப்பு வேண்டாம். இத்தன்னிறைவே அதன் நீடித்த ஈர்ப்பின் வேர். இணைப்பின் அருமையை நன்கறிந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து பார்க்கும்போது இது மேலும் தெளிவாகத் தெரிகிறது. மொழியியல் மாணவன் என்ற முறையில் முதலில் விளையாட்டின் உள்ளமைப்பையும், பின்னர் தீவையும் எடுத்துக்கொள்கிறேன்.

*

ஓர் எழுத்தும் ஓர் இரட்டைக்கிளவியும்

அக்கால ஆட்டக்கூடங்களை ஆண்டவை சுடும் விளையாட்டுகள். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அவற்றின் தலைமகன். பெண்களும் காதலிணைகளும் கூடத்துக்குள் வரவேண்டுமெனில் சுடுதல் அல்லாத வேறொரு வினை வேண்டும் என்று கருதிய வடிவமைப்பாளர் தோரு இவாதானி, உண்ணுதல் என்னும் வினையிலிருந்து தொடங்கினார். ஒரு துண்டு எடுக்கப்பட்ட பீட்சாவின் வடிவமே பாக்மேன் ஆயிற்று என்னும் கதை பலரும் அறிந்தது. அவர் சொன்ன மற்றொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜப்பானிய எழுத்துமுறையில் வாயைக் குறிக்கும் 'குச்சி' என்னும் எழுத்து ஒரு சதுரம். அச்சதுரத்தின் மூலைகளை உருட்டி வட்டமாக்கியதும் தம் உருவாக்கத்தில் பங்குபெற்றதாக அவர் கூறியிருக்கிறார். அவ்வகையில் பாக்மேன் திரையில் ஓடும் ஓர் எழுத்து.

பெயரும் அப்படியே. வாய் திறந்து மூடி, திறந்து மூடி உண்பதை ஜப்பானியர் 'பாக்கு பாக்கு' என்பர். நம் இலக்கண மரபு இரட்டைக்கிளவி என்று பெயரிட்டது இவ்வகைச் சொற்களையே. மடமட, சலசல, மொறுமொறு என்பன போல இரட்டித்தே நிற்கும். பிரித்தால் பொருள் தராது. விளையாட்டின் ஒலியும் இம்மரபைச் சேர்ந்ததே. ஒரு புள்ளிக்கு ஓர் ஒலி, அடுத்த புள்ளிக்கு மற்றொன்று என மாறி மாறி ஒலிக்கும். ஜப்பானில் 'பக்மேன்' என்றிருந்த பெயர், ஆங்கிலத்தில் முதலெழுத்தைச் சிறிது சுரண்டினால் வசைச்சொல் ஆகிவிடும் என்ற அச்சத்தால், அமெரிக்காவுக்குச் சென்றபோது 'பாக்மேன்' ஆயிற்று. ஒலிக்குறிப்பின் சாயல் அப்போதும் அழியவில்லை.

அந்தமானில் மொழியியல் பயில்வோர்க்கு வாய் என்பது உறுப்பின் பெயர் மட்டுமன்று. பெரும் அந்தமானிய மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, அதன் இலக்கணமே மனித உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து அதன்மேல் எழுப்பப்பட்டது என்று காட்டினார். வாய்சார் பகுதிக்கென்று ஒரு தனி முன்னொட்டு அங்கு உண்டு. உடலே பொருளின் முதல் அகராதி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கையும் காலும் இல்லாத பாக்மேன் எந்த மொழியினர்க்கும் உடனே விளங்குவது அந்த அகராதியின் முதற்சொல்லை அது எடுத்துக்கொண்டதால்தான்.

*

பேய்களின் இலக்கணம்

விளையாட்டின் உயிர் நான்கு பேய்களில் இருக்கிறது. நான்கும் ஒரே வடிவம். நிறம் மட்டும் வேறு. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு தனி விதி இயக்குகிறது.

சிவப்புப் பேய் பாக்மேன் நிற்கும் இடத்தையே இலக்காகக் கொள்ளும். இளஞ்சிவப்புப் பேய் பாக்மேன் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். அதாவது முன்சென்று மறிக்கும். நீலப்பச்சைப் பேயின் கணக்கு சற்றுச் சிக்கலானது. பாக்மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளியைக் கொண்டு, சிவப்புப் பேயிலிருந்து அப்புள்ளிக்கு ஒரு கோடு வரைந்து, அக்கோட்டை இருமடங்காக்கினால் எங்கு முடியுமோ அங்கு செல்லும். தன் தோழன் எங்கிருக்கிறான் என்பதைப் பொறுத்தே அதன் நடத்தை அமையும். செம்மஞ்சள் பேய் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை துரத்தும். நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பும்.

ஜப்பானிய மூலத்தில் இவற்றின் இயல்புகளுக்கு இடப்பட்ட சொற்கள் நான்கு: துரத்துதல், பதுங்கி மறித்தல், மனம்போன போக்கு, ஏதும் அறியாததுபோல் இருத்தல். நான்கும் நடத்தையைச் சொல்பவை. அமெரிக்கத் திரையில் இவை நிழல், வேகம், கூச்சம், மந்தம் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்களாயின. பெயர்ப்பில் வினை போய்க் குணம் வந்துவிட்டது. அதிலும் பிழை. வேகம் என்று பெயர்பெற்ற இளஞ்சிவப்புப் பேய் ஏனையவற்றைவிட வேகமானதன்று. புள்ளிகள் குறையக் குறைய வேகம் கூடுவது சிவப்புப் பேய்க்கே. இந்தத் தவறான மொழிபெயர்ப்பால் எந்த ஆட்டக்காரரும் ஏமாறியதாகத் தெரியவில்லை. அவர்கள் பெயரை நம்பி ஆடவில்லை; நடத்தையைக் கண்டு விதியை உய்த்துணர்ந்தனர்.

மொழியியல் கற்றோர்க்கு இது பழகிய நிகழ்வு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நான்கு வயதுக் குழந்தைக்கு 'மரம்' வேற்றுமை ஏற்கும்போது 'மரத்தை' ஆகும் என்று எவரும் சொல்லித் தருவதில்லை. அத்துச்சாரியை என்ற பெயர் அதற்குத் தெரியாது. ஆயினும் வழுவாமல் பேசுகிறது. பாக்மேன் ஆடுபவரும் அப்படியே. இளஞ்சிவப்புப் பேய் எதிரே நெருங்கி வரும்போது அதை நோக்கியே சென்றால் அது பல வேளைகளில் விலகிவிடும் என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர் அறிவார். அதன் இலக்கு நான்கு கட்டம் முன்னால் இருப்பதால், மிக நெருங்கும்போது அவ்விலக்கு அதற்குப் பின்புறம் சென்றுவிடுகிறது என்ற காரணத்தை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நிரல்பிழையால், பாக்மேன் மேல்நோக்கும்போது மட்டும் அவ்விலக்கு இடப்புறமாகவும் நான்கு கட்டம் நகர்ந்துவிடும். அப்பிழையும் விளையாட்டின் விதிவிலக்காக நிலைத்துவிட்டது. இயற்கை மொழிகளில் விதிவிலக்குகள் நிலைப்பதும் ஏறக்குறைய இவ்வாறே.

இதற்கு என் சொந்தச் சான்று ஒன்றைத் தரலாம். நான் முதன்முதலில் இதை ஆடியது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் இணைக்கப்பட்ட 'டிவி கேம்' பெட்டியில். நான்கில் மூன்று பேய்கள் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். தமிழ், வங்காளம், தெலுங்கு வீடுகளிலிருந்து வந்த சிறுவர்கள் நாங்கள்; எங்களுக்குள் பேச்சு தீவு இந்தியில். நிறத்தால் பிரித்தறிய வழியில்லாததால் எது மறிக்கும், எது பின்வாங்கும் என்பதை நடையைக் கொண்டே கண்டுகொண்டோம். பெயர், நிறம், பொது மொழி ஆகிய மூன்றும் மங்கிய நிலையிலும் விதி மட்டும் துலங்கியது.

விதிகளுக்கு அடுத்தது தாளம். பேய்கள் இடைவிடாமல் துரத்துவதில்லை. முதல் நிலையில் 7 விநாடி தத்தம் மூலைகளுக்குக் கலைந்து செல்லும். பின் 20 விநாடி துரத்தும். மீண்டும் 7, மீண்டும் 20. அடுத்துக் கலையும் நேரம் 5 விநாடியாகக் குறையும். நான்கு முறை கலைந்த பின் ஓய்வில்லை. எந்நேரமும் சூழ்ந்து தாக்கினால் ஆடுபவர் மனம் தளர்வார் என்பதால் அலை அலையாகத் தாக்குதலை அமைத்ததாக இவாதானி விளக்கியிருக்கிறார். பெரும்புள்ளியை உண்டால் சிறிது நேரம் உறவு தலைகீழாகும். பேய் இரையாகும், இரை வேட்டையாடும். நிலைகள் ஏற ஏற அந்த நேரமும் சுருங்கும். 19ஆம் நிலை முதல் பேய்கள் நீலமாவதே இல்லை. அச்சமும் ஆறுதலும் இவ்வளவு நுட்பமாக அளந்து கலக்கப்பட்ட ஆட்டத்தை வெறும் எளிமை என்று கடந்துவிட முடியாது.

*

தீவும் இணைப்பும்

2020 ஆகஸ்ட் 10 வரை இத்தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடியிழை வடம் இல்லை. செயற்கைக்கோள் வழியே வந்த குறுகிய அலைவரிசையைத் தீவு முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் நிக்கோபார் வடம் ஏறக்குறைய 2,300 கி.மீ. நீளமுடையது; சென்னையை அப்போது போர்ட் பிளேர் எனவும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனவும் வழங்கும் தலைநகரோடும், சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சின்ன அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றோடும் இணைத்தது. அதற்கு முன் பாட்டும் படமும் விளையாட்டும் சென்னைக் கப்பலில் வந்து, கடைகளில் மெமரி கார்டுக்கு மாறி, கைக்குக் கை சென்றன. அவ்வழியில் பயணம் செய்யத்தக்கவை முழுமையாகக் கோப்புக்குள் அடங்கியவை மட்டுமே. அந்தத் தெரிவில் பாக்மேன் எளிதாக வென்றது.

வடம் வந்த 23ஆம் நாள், 2020 செப்டம்பர் 2 அன்று, நாடெங்கும் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த பப்ஜி மொபைல் இந்திய அரசால் தடைசெய்யப்பட்டது. தடையின் நியாயம் குறித்து இங்கு விவாதிக்கவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த இணைப்பில் ஓட வேண்டிய விளையாட்டு, அவ்விணைப்பு வந்த ஒரு மாதத்துக்குள்ளேயே தடைக்குள்ளாயிற்று என்பதை மட்டும் கவனப்படுத்துகிறேன். இது அரசாணையால் மட்டும் நிகழ்வதன்று. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்னும் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. அதன்பின் விலை கொடுத்து வாங்கியவர் கையிலும் அது இயங்கவில்லை. அதை எதிர்த்து, வாங்கிய விளையாட்டைக் கொல்லாதே என்னும் இயக்கமே ஐரோப்பாவில் எழுந்தது. சர்வரில் வாழும் விளையாட்டை நாம் உடைமையாகக் கொள்வதில்லை, அனுமதிக்கப்படும்வரை எட்டிப்பார்க்கிறோம்.

இவ்விடத்தில் நம் மரபையும் நினைக்கலாம். தமிழகக் கோயில்களின் கல்தளங்களில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். 3 புலி, 15 ஆடு. இரு தரப்புக்கும் இருவேறு விதி, வலிமை சமமில்லை, ஆயினும் ஆட்டம் சமநிலையில் நிற்கிறது. துரத்துவோருக்கும் துரத்தப்படுவோருக்கும் வெவ்வேறு இலக்கணம் வகுத்து இரண்டையும் ஒரு கட்டத்துக்குள் மோதவிடும் அந்த அறிவு பாக்மேனிலும் உள்ளது. ஆடுபுலிக்குத் தேவை ஒரு கரித்துண்டும் சில கூழாங்கற்களும். எந்தக் கரையில் இறங்கினாலும் அங்கேயே வரைந்துகொள்ளலாம். கடல் கடந்து வாழும் சமூகத்துக்கு அதைவிட இலேசான சுமை இல்லை.

*

ஓர் எதிர்வாதம்

தன்னிறைவு என்பது தேக்கம் ஆகாதா, வளராத ஒன்று எப்படி உயிருடையதாகும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மொழிகள் மாறுவதாலேயே வாழ்கின்றன என்று கற்பிக்கும் துறையைச் சேர்ந்தவன் நான்.

ஆனால் இங்கு எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாக்மேனின் விதி மாறவில்லை. அதனைப் பற்றிய அறிவு 45 ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே வந்துள்ளது. ஒரே பாதையில் ஒரே கணத்தில் திரும்பினால் பேய்களும் அவ்வாறே நடந்துகொள்ளும் என்பதைக் கண்டு, ஆட்டக்காரர்கள் பாதை வாய்பாடுகளை உருவாக்கி மனனம் செய்தனர். நிலை எண்ணைத் தாங்கும் இடம் எட்டு பிட் மட்டுமே என்பதால் 256ஆம் நிலையில் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகச் சிதைவதையும், அதற்கு மேல் வழியில்லை என்பதையும் கண்டறிந்தனர். படைப்பாளர் முடிவு வைக்கவில்லை; கணிப்பொறியின் எண்வரம்பு ஒரு முடிவை வைத்தது. நூல் மாறாதிருப்பதால் உரை வளர்கிறது. தொல்காப்பியத்துக்கு உரை மரபு உண்டான நாட்டில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மாதந்தோறும் தன்னைத் திருத்திக்கொள்ளும் விளையாட்டில் நேற்றைய தேர்ச்சி இன்று செல்லாது. அங்கு உரை மரபு தோன்ற இடமில்லை.

*

இதில் நமக்கென்ன?

விளையாட்டைப் பற்றி இவ்வளவு எழுத ஆய்வாளனுக்கு என்ன தேவை என்று கேட்போர்க்கும் விடை சொல்ல வேண்டும். களப்பணிக்காகச் சென்ற ஒரு தீவுப் பள்ளியில், மொழிப்பயிற்சிக்கென வழங்கப்பட்டிருந்த செயலி ஒன்றைத் திறந்து பார்த்தேன். முதல் திரை கணக்குத் தொடங்கச் சொன்னது. இரண்டாம் திரை கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கேட்டது. மூன்றாம் திரை சுழன்றுகொண்டே இருந்தது. பாடம் எங்கோ ஒரு சர்வரில் இருந்தது. ஆசிரியர் அதை மூடிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினார். கடலடி வடம் நேரடியாகத் தொடாத கச்சால், தெரசா, சௌரா போன்ற தீவுகளிலும் மக்கள் வாழ்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களின் வழியினரும் உண்டு.

ஆகவே இத்துறை சார்ந்தோர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, தீவுகளுக்கும் மலைகளுக்கும் மொழிக்கருவி செய்வோர், ஒருமுறை கொண்டுசேர்த்த பின் இணைப்பின்றி முழுமையாக இயங்குவதாக அதைச் செய்ய வேண்டும். அகராதியும் ஒலிப்பதிவும் பயிற்சியும் ஒரே மெமரி கார்டில் அடங்கட்டும். திட்ட நிதி முடிந்து சர்வர் நின்ற பிறகும் அழியாதிருப்பதே ஆவணம். பேசுவோர் அருகிவரும் மொழிகளின் நிலத்தில் இது வசதி பற்றிய பேச்சன்று. எஞ்சுவதா இல்லையா என்ற பேச்சு.

இரண்டாவது, பயிற்சிகளை வடிவமைப்போர் விளக்கவுரையைக் குறைத்து, விதியை நடத்தையில் காட்ட வேண்டும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ அரைப்பக்க அறிவுறுத்தல் தந்து நிக்கோபாரிய மொழியைப் பயிற்றும் கருவி, குழந்தையை முதல் திரையிலேயே இழந்துவிடும். நான்கு பேய்களின் இயல்பை ஒரு சொல்லும் இன்றிக் கற்பித்த முறை நம் கண்முன் இருக்கிறது.

மூன்றாவது, நம் பண்பாட்டு ஆய்வுத் துறைகள் வீடியோ விளையாட்டை இளைஞர் சீரழிவு என்னும் தலைப்பின்கீழ் மட்டும் அணுகுவதைக் கைவிட வேண்டும். 1990களிலும் 2000களிலும் நம் வீடுகளில் புழங்கிய டிவி கேம் பெட்டிகள், அவற்றின் அட்டைகள், அவற்றைச் சுற்றி எழுந்த சொற்கள், சிறார் வழக்குகள் ஆகியன இன்னும் நினைவில் இருப்போர் நடுவயதை எட்டுகின்றனர். அவற்றைத் தொகுக்க இதுவே காலம். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இளையோர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

காலத்தை வெல்வது புதுமையோ பெருஞ்செலவோ என்று எண்ணப்படும் வேளையில், தனக்கு வேண்டிய அனைத்தையும் தன்னுள்ளே கொண்ட ஒரு சிறு ஆக்கம் பலவற்றைக் கடந்து நிற்கிறது. மாற்றுக்கருத்துடையோரும், குறிப்பாக விளையாட்டு வடிவமைப்பில் அனுபவம் உள்ளோரும், பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் ஊரில் அந்த நான்கு பேய்களை என்ன பெயரிட்டு அழைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அது என் சொற்றொகுப்புக்கு உதவும்.